நீ அனுப்பிய பட்டியலை நான் திருத்தவில்லை

மண்டி மொஹல்லா,
மைசூர்.

மதிப்பும் அன்பும் நிறைந்த மகன் சிரஞ்சீவி செந்தில்நாதனுக்கு உன் தாயார் ஆசி கூறி எழுதும் மடல். நீ அனுப்பிய கடிதமும் அதனுடன் இணைத்திருந்த இரண்டு தாள்களும் என் கைக்கு வந்து மூன்று வாரங்களுக்கு மேலாகிவிட்டன. பத்து நாட்களுக்குள் திருப்பி அனுப்பும்படி நீ கேட்டிருந்தாய். இந்தத் தாமதத்துக்காக முதற்கண் உன்னிடம் மன்னிப்புக் கோருகிறேன். உடல்நலக் குறைவு எதுவும் இல்லை. உன் தந்தையாரும் நலமே. நான்கு முறை எழுதத் தொடங்கி நான்கு முறையும் கிழித்துப் போட்டேன் என்பதே உண்மை. இரண்டு முறை கடைத்தெருவுக்குப் போய் எஸ்.டி.டி. பூத்தில் நின்று உன் அலுவலக எண்ணில் பாதியை அழுத்திவிட்டுக் கீழே வைத்தேன். பூத்துக்காரர், "லைன் சிக்கலியாம்மா?" என்று பரிவோடு கேட்டார். சிக்காமல் போனது லைன் அன்று; எனக்குச் சொல் சிக்கவில்லை. ஒரு நிலையில் அமர முடியாமல், பாத்திரம் துலக்கும்போது ஒரு வரி, துணி உலர்த்தும்போது ஒரு வரி என்று மனத்துக்குள் எழுதி அழித்துக்கொண்டே இத்தனை நாட்களைக் கழித்துவிட்டேன்.

நீ அனுப்பியவற்றுள் ஒன்று, புயற்காலத்தில் தீவு மக்கள் ஒதுங்குவதற்காக உன் தொண்டு நிறுவனம் கட்டி முடித்திருக்கும் பாதுகாப்புக் கூடத்தை நிர்வகிக்கப்போகும் குழுவின் பெயர்ப் பட்டியல். மற்றொன்று அதனை ஏற்று ஆணையிடுமாறு அரசு அலுவலகத்துக்கு எழுதப்பட்ட விண்ணப்பம். "அம்மா, உன் கையால் ஒருமுறை திருத்தி, அழகாக எழுதிக் கொடு, அவர்கள் படித்து அசந்துபோக வேண்டும்" என்று எழுதியிருந்தாய். அந்த வாக்கியத்தைப் படித்து நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். குண்டலுபேட்டையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, பிறகு பொது நூலகத்தின் நாற்காலியில் அமர்ந்து தமிழையும் கன்னடத்தையும் தானே கற்றுக்கொண்ட ஒருத்திக்கு, பொறியியல் படித்த மகன் இவ்வாறு எழுதுவது சிறிய காரியமா? பேனாவில் மையை நிரப்பிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தலைவர், விசைப்படகு உரிமையாளர். செயலாளர், அவருடைய மைத்துனர். பொருளாளர், மீன் ஏலக்காரர். கூடத்தின் சாவியும் ஒலிபெருக்கியும் தலைவர் பொறுப்பில். கடைசியில், "பெண் உறுப்பினர்கள் இருவர்" என்று எழுதி அதற்கு எதிரே "பின்னர் நிரப்பப்படும்" என்று குறித்திருந்தாய். அந்த இடத்தில் என் பேனா நின்றது. அதன்பின் நகரவில்லை.

சென்ற தை மாதம் உன்னைப் பார்க்க நான் தீவுக்கு வந்து பத்து நாட்கள் தங்கியிருந்ததை நீ ஒரு தாயாரின் விருந்து வருகையாக மட்டும் நினைத்திருக்கலாம். நீ காலையில் கட்டட வேலைக்குப் போன பிறகு நான் கடற்கரைக்குப் போய் அமர்ந்திருப்பேன். மைசூரில் பிறரோடு பேசாமல் அரை நாள் இருந்தறியாத எனக்கு அங்கு வாய்த்த துணை, கடற்பாசி எடுக்கும் ஆரோக்கியம். விரல்களில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்காரரின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, நீர் வற்றும் நேரம் பார்த்து மற்றப் பெண்களோடு கடலில் இறங்கும் அவளை நீ நன்கு அறிவாய். முதல் நாளே, "மைசூர்ல கடல் உண்டா பெரியம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்பப் பயமில்லாமத் தூங்குவீக" என்றாள். எங்களுக்கு மோரி உண்டு, தெருச் சாக்கடைக்கு அங்கே அதுதான் பெயர், மழை வந்தால் அதுவே எங்கள் கடல் என்று நான் சொன்னதும் அவள் மற்றவர்களைக் கூப்பிட்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். போகும் வரை எனக்கு அங்கே "மோரிப் பெரியம்மா" என்றே பெயர்.

ஒரு நாள் அவள் என்னைக் கரையோரம் அழைத்துப்போய், அலைக்குள் தலை காட்டிக்கொண்டிருந்த ஒரு கல் வளையத்தைச் சுட்டிக்காட்டினாள். அவளுடைய தாயார் குடிநீர் இறைத்த கிணறாம் அது. இப்போது கடலுக்குள் நிற்கிறது. வாடைக் காற்று வீசவேண்டிய நாட்களில் கோடைக்குரிய கச்சான் வீசுவதாகவும், பாசி வளரும் பாறைகள் சில ஆண்டுகளாக வெளுத்துப் போவதாகவும் சொன்னாள். பூமி சூடேறி வருகிறது, கடல் மட்டம் உயரலாம் என்று நூலகத்தில் நான் பத்திரிகைகளில் படித்ததுண்டு. அறிஞர்கள் அது பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கிணற்றின் அருகில் நின்றபோது எனக்கு வாதம் எதுவும் தேவைப்படவில்லை. அதற்கு முந்திய ஐப்பசியில் அடித்த புயலைப் பற்றியும் அவள் வாயாலேயே கேட்டேன். எச்சரிக்கை வந்தவுடன் ஆண்கள் அனைவரும் படகுகளைப் பத்திரமான துறையில் கட்டுவதற்காகத் தீவின் மறுபுறம் போய்விட்டார்கள். அது அவர்களது பிழைப்பு. குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. கரையில் இருந்த கிழவர்களையும் குழந்தைகளையும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களையும் பாசிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கவைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்கள் ஆரோக்கியமும் அவளோடு கடலில் இறங்கும் பெண்களும். எந்த வீட்டில் யார் நடக்க முடியாதவர், எந்தப் பாதையில் முதலில் நீர் ஏறும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

இனி நான் சொல்லப்போவது உனக்கு வருத்தம் தரும். நான் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள் நீ பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடத்தினாய். நான் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீர் வற்றும் நேரமானதால் பெண்களில் பெரும்பாலோர் வரவில்லை. ஆரோக்கியம் மட்டும் ஈரச் சேலையோடு வந்து சுவரோரம் நின்றாள். கூடத்தின் வாசலை எந்தப் பக்கம் வைக்கக் கூடாது, கிழவர்கள் ஏறப் படி எத்தனை உயரம் இருக்கவேண்டும் என்று அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நீ மதிப்போடு கேட்டாய், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு தலை நிமிராமல், "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டாய். அவள் சொன்ன பெயரை எழுதினாய். பிறகு நிதானமாக, "அவரு பேரத்தான் எழுதிட்டீகள்ல தம்பி. காத்து வந்தா அவரையே கூப்பிட்டுக்கங்க. நான் பாசிக்குப் போறேன்" என்றாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இந்த மூன்று வாரமும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உனக்குப் பத்து வயதாக இருந்தபோது நம் தெருவின் தாழ்ந்த வரிசையில் வெள்ளம் புகுந்தது உனக்கு நினைவிருக்கும். வெள்ளத்துக்குக் காரணம் பூட்டியிருந்த மோரிக் கதவு என்பதும், நகர அலுவலகத்தார் அதைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்பதும் நீ இன்றுவரை நம்பி வந்த செய்தி. அதை உன்னிடம் சொன்னவள் நான். கதவு பூட்டியிருந்தது உண்மை; பழி அலுவலகத்தாருடையது என்பது பொய். அந்த வரிசையில் பார்வதி என்ற பெண் இருந்தாள்; கொள்ளேகால் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த சித்தாள். மோரிகளுக்குக் கான்கிரீட் போட்ட அனுபவத்தால் நீர் எங்கே தேங்கும், எங்கே திரும்பும் என்பது அவளுக்குத் தெரியும். மார்க்கெட்டிலிருந்து அடித்துவரும் வாழைமட்டையும் பூச்சருகும் இரும்புக் கம்பிக் கதவில் அடைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் தாழ்ந்த வரிசை மூழ்கும். அதனால் மழை தொடங்கியதும் வீட்டுக்கு ஒருத்தியாக முறை வைத்துக் கதவைத் தூக்கிக் குப்பையை வாரும்படி பெண்களை அவள் பழக்கினாள். முறைக்கு வராதவள் வீட்டு வாசலில் நின்று தட்டைத் தட்டி அவள் பாடும் கேலிக்கு அஞ்சியே எல்லோரும் வந்தார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரு வீட்டின் அடுப்பும் நனையவில்லை.

இதைக் கேள்விப்பட்ட நகர அலுவலகத்தார், குழந்தைகள் மோரியில் விழாதபடி கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுத் தருவதாகவும், தெருவில் ஒரு குழு அமைத்துப் பட்டியல் கொடுத்தால் சாவியை அக்குழுவின் தலைவரிடம் ஒப்படைப்பதாகவும் நல்லெண்ணத்தோடு சொன்னார்கள். மனு எழுதும் பொறுப்பு வழக்கம்போல் என்னிடம் வந்தது. கன்னடத்தில் நான் எழுதியவற்றுள் அதைவிடச் சிறந்த மனு இல்லை. தலைவர் என்ற இடத்தில் உன் தந்தையாரின் பெயரை எழுதினேன். பார்வதிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. முத்து முத்தான என் எழுத்துக்குக் கீழே முதல் இடத்தில் ஒரு கைநாட்டு கறையைப் போலத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. வேறு காரணம் எதுவும் இல்லை. பக்கத்தின் அழகு கெடும் என்பதற்காக அவள் பெயரை நான் விட்டுவிட்டேன். தலைவரான உன் தந்தையாரோ காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி ஹெப்பாளுக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவர். சாவி அவருடைய கால்சட்டைப் பையில் அவரோடு தொழிற்சாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அந்த மழை பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது. பார்வதி கடப்பாரையால் பூட்டை உடைக்க முயன்றாள். கடப்பாரை வழுக்கி, கதவுக்கும் சுவருக்கும் இடையே அவள் வலது மணிக்கட்டு நசுங்கியது. எலும்பு கூடிற்று, ஆனால் சட்டி தூக்கும் வலு அந்தக் கைக்குத் திரும்பவில்லை. இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு தெருவைவிட்டுப் போய்விட்டாள்.

இவ்வளவையும் எழுதி முடித்து, இதுவே என் பிழை என்று ஒப்புக்கொண்டு, பத்து நாட்களுக்கு முன்பே உனக்கு அனுப்பியிருக்க முடியும். உறையையும் ஒட்டிவிட்டேன். ஆனால் உன் தந்தையார் அதைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, "இது கடிதாசியா, புஸ்தகமா? சும்மனே அவன் வேலையில தலையிடாதே" என்றார். பிறகு விஷயம் என்னவென்று கேட்டார். சொன்னேன். உறையை என் கையிலேயே திருப்பி வைத்து, "நீ எழுதினே, நான் வாங்கிட்டேன். பார்வதியை யார் கேட்டோம்?" என்றார். அதன்பின் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பார்வதி குண்டலுபேட்டைச் சந்தையில் காய் விற்பதாக எப்போதோ காதில் விழுந்திருந்தது. மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன்.

கண்டுபிடித்தேன். தக்காளியை இடக்கையால் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். என்னை உடனே தெரிந்துகொண்டாள். ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னாள். நான் பஸ்ஸில் உருப்போட்டு வந்த வாக்கியங்களை முறையாகச் சொல்லி, மனுவில் அவள் பெயரை விட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மனுவுல பேரு இருந்துதா இல்லையான்னு எனக்கு எப்படிங்க அக்கா தெரியும், எனக்குப் படிக்கவா தெரியும்?" என்றாள். பிறகு ஒரு வாடிக்கைக்காரருக்கு மிளகாய் நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த மழைக்கு முந்தின வாரம் ரெண்டு தடவ உங்க வீட்டுக்கு வந்தனுங்க, சாவி கேட்டு. அவரு வந்தப்புறம் வா, தலைவரு கைலதான் கேக்கோணும்னு சொல்லி அனுப்புனீங்க. ஞாபகமில்லீங்களா?"

எனக்கு நினைவில்லை, செந்தில். பஸ் நஞ்சன்கூட்டைத் தாண்டும் வரை நினைவு வரவில்லை. அதன் பிறகு வந்தது. நம் வாசற்படியில் அவள் நின்றதும், தலைவர் என்ற சொல்லை நான் எவ்வளவு இலக்கணச் சுத்தமாக உச்சரித்தேன் என்பதும், உள்ளே ஆணியில் மாட்டிவைக்க மாற்றுச் சாவி ஒன்று கூடுதலாக வாங்கலாமே என்று அவள் கேட்டதற்கு அது முறையன்று என்று நான் சொன்னதும், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்தனை ஆண்டுகளாகக் கைநாட்டை விட்ட பிழையை மட்டும் நினைத்து வருந்தி வந்தேன். அது சொல்லிக்கொள்ளக்கூடிய பிழை. அவள் கேட்டு வந்தபோது மறுத்து அனுப்பியதை மறந்தே போயிருந்தேன். என்னை மன்னித்தாளா என்று கேட்பாய். தெரியாது. கறிவேப்பிலை ஒரு கொத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். அது எல்லா வாடிக்கைக்காரர்களுக்கும் கொடுப்பது. வீட்டுக்கு வந்ததும் ஒட்டிய உறையைப் பிரித்துக் கடிதத்தைக் கிழித்தேன்.

இப்போது உன் நிலைமைக்கு வருகிறேன். அதை நான் எளிதாக எண்ணவில்லை. கூடத்துக்குத் தம் நிலத்தில் வழிவிட்டவர் அந்த விசைப்படகு உரிமையாளர் என்றும், அவர் மனம் கோணினால் திறப்பு தடைப்படும் என்றும், உன் வேலை நிரந்தரமாவது இந்த வடகிழக்குப் பருவத்துக்குள் கூடம் திறக்கப்படுவதைப் பொறுத்தது என்றும் எழுதியிருந்தாய். இவை பொய்யல்ல. ஆனால் ஒன்றை எண்ணிப் பார். புயல் எச்சரிக்கை வந்தவுடன் கரையைவிட்டு முதலில் தூரம் போகிறவர் யார்? அதிகப் படகுகள் உடையவர். அவர் நல்லவராக இருக்கட்டும். உன் தந்தையாரும் நல்லவர்தாம். கூடம் பூட்டிக் கிடக்க, சாவி மறுபுறத் துறையில் அவருடைய பையில் கிடக்கும். கதவின் முன் கயிற்றைப் பிடித்தபடி குழந்தைகளோடு வந்து நிற்கப்போகிறவள் யார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கையிலும் ஒரு கடப்பாரையைக் கொடுக்கப் போகிறோமா?

பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று எழுதியிருந்தாய். நீ காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் வருகிறவர்கள் நீரில் இறங்காதவர்களே. எந்த நாளில் எந்த நேரம் என்று அவர்களையே கேட்டு வை. வெறும் பெயருக்கு ஆரோக்கியத்தைத் தலைவியாக்கிவிட்டு, ஒலிபெருக்கியை மைத்துனர் வீட்டிலும் எச்சரிக்கை கேட்கும் வானொலிப் பெட்டியை ஏலக்காரர் வீட்டிலும் வைப்பாயானால் அதைவிட இப்போதுள்ள பட்டியலே நேர்மையானது. கருவிகளை இயக்க அவளுக்கும் அவளோடு இருக்கும் பெண்களுக்கும் நீயே கற்றுக் கொடு. எச்சரிக்கை வந்தால் அலுவலகம் நேராக அவளிடம் சொல்லட்டும். படகுக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லும் சங்கடத்தை அவள் தலையில் வைக்காதே. நீயே போய் உட்கார்ந்து பேசு. அவளுடைய வீட்டுக்காரரிடமும் நீயே பேசு. படகுகளைக் காப்பாற்ற ஆண்கள் போகவேண்டியிருப்பதால்தான் கரையைக் காக்கிறவள் கையில் சாவி இருக்கவேண்டும் என்று சொன்னால், கடலறிந்த மனிதர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். என் நம்பிக்கை தவறாகவும் இருக்கலாம். அப்படியானால் உன் வேலைக்கு ஊறு வரும். அந்த இழப்பை உன்னைத் தாங்கச் சொல்லிவிட்டு நான் மைசூரில் பத்திரமாக அமர்ந்திருக்கிறேன் என்பதையும் அறிந்தே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அவளுக்கு இந்தப் பொறுப்பில் விருப்பம் உண்டா என்று கேள். வேண்டாம் என்றால் அந்தச் சொல்லும் அவள் வாயிலிருந்தே வரட்டும். நீயும் நானுமாக அவளுக்காக முடிவு செய்வது மறுபடியும் அதே மனுவை எழுதுவதாகும்.

ஆகவே உன் தாள்கள் இரண்டையும் ஓர் எழுத்தும் திருத்தாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நீ கேட்டு நான் செய்ய மறுத்த முதல் காரியம் இது. கேட்க வேண்டியவர்களைக் கேட்டுப் புதிய பட்டியல் ஒன்றை நீ எழுதி அனுப்பினால், கைநாட்டுகளுக்கு வேண்டிய இடத்தைத் தாராளமாக விட்டு, என்னால் இயன்ற அளவு சிறப்பாக எழுதித் தருவேன். அனுப்பாமல் பழையதையே கொடுத்துவிட்டாலும் என்னிடம் மறைக்காதே. மழை இவ்வாண்டு முன்னதாகவே வரக்கூடும் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். வானொலியில் கடல் நிலவரம் சொல்லும் நேரத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டு நிற்கிறேன்.

நீண்ட கடிதம் வேண்டாம். கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி, தயவுசெய்து உடனே அனுப்பு.

உன் தாயார்